சுடுதளப் பை ஊருக்கு வர வேண்டாம்

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் என்றால் பாட்டு வகுப்பு, பரதநாட்டியம், மிஞ்சிப்போனால் கிரிக்கெட் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு துப்பாக்கி சுடும் பயிற்சிக்குக் கிளம்பும் பையன்களும் பெண்களும் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். இதில் வியப்பு இல்லை. 1982 ஆசிய விளையாட்டுக்காகத் தில்லி துக்ளகாபாதில் எழுந்து, 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காகத் திருத்திக் கட்டப்பட்ட டாக்டர் கர்ணி சிங் சுடுதளம் தலைநகரில் வாழும் நமக்குத் தொலைவில் இல்லை. மும்பைக்காரர்களுக்கு வொர்லி, புணேக்காரர்களுக்கு பாலேவாடி. 2008இல் அபினவ் பிந்த்ரா பெய்ஜிங்கில் தங்கம் வென்றதும், 2024இல் மனு பாக்கர் பாரிஸில் 2 வெண்கலம் வென்றதும் பிள்ளைகள் மனத்தில் பதிந்திருக்கின்றன. கடலூரில் பிறந்து ஆமதாபாதில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கிலும் நாட்டுக்காகச் சுட்டிருக்கிறார். ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பெண் அவர். நம் வீட்டுப் பெண் என்று நாம் பெருமைப்படுவதில் தவறில்லை.

பெருமை இருக்கட்டும். நான் எழுத வந்தது அந்தத் தோள் பையைப் பற்றி. துப்பாக்கியைப் பற்றியும் பயிற்சியாளரைப் பற்றியும் பத்துப் பேரிடம் விசாரிக்கும் பெற்றோர், பையைப் பற்றி ஒருவரிடமும் கேட்பதில்லை. 'பைதானே, வீட்டில் ஏதாவது இருக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். இந்த விளையாட்டில் குடும்பத்தையே அலைக்கழிக்கக்கூடிய தொல்லை பெரும்பாலும் துப்பாக்கியிலிருந்து வருவதில்லை, பையிலிருந்துதான் வருகிறது. ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுடுதளத்துக்குப் போகும் பை வேறு எங்கும் போகக்கூடாது. ஊருக்கு மட்டும் கண்டிப்பாகப் போகக்கூடாது.

நம் வீடுகளின் வழக்கம் நமக்குத் தெரியாததா? இரண்டு அறை, ஒரு பரண். வீட்டில் எந்தப் பையும் ஒருவருக்கு மட்டும் சொந்தமல்ல. அப்பாவின் அலுவலகப் பை ஆறு மாதத்தில் பிள்ளையின் டியூஷன் பையாகும்; பிறகு காய்கறிப் பையாகும். கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது பெட்டிகள் நிறைந்து, அத்தைக்கு வாங்கிய போர்வையும் பாட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டரும் வெளியே கிடக்கும். அப்போது என்ன நடக்கும்?

"ஏண்டா, அந்தக் கறுப்புப் பை சும்மாத்தானே தொங்குது? எடுத்துக்கிட்டு வா, இதெல்லாம் அதில் அடைச்சுடலாம்."

"அது ரேஞ்சுக்குக் கொண்டுபோறதும்மா."

"இந்த ஒரு மாசம் ரேஞ்சுக்கா போகப்போறே? உதறிட்டுக் கொடு."

உதறினால் எல்லாம் விழுந்துவிடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. ஆனால் .22 தோட்டா ஒன்றின் நீளம் ஒரு அங்குலம். எடை மூன்றரை கிராமுக்கு உள்ளே. தையல் விட்ட ஓர் ஓரத்தில், அட்டைக்கும் துணிக்கும் நடுவில், பக்கவாட்டு ஜிப்பின் மூலையில் அது வருடக்கணக்கில் தங்கிவிடும். அம்மாவின் கண்ணுக்குத் தப்பியது விமான நிலையத்து எக்ஸ்ரே கருவிக்குத் தப்பாது. உலோகம் திரையில் பளிச்சென்று தெரியும். பிறகு பை ஓரமாக நகர்த்தப்படும், 'இது யாருடையது' என்ற கேள்வி வரும்.

அதற்குப் பிறகு நடப்பதை நம் குடும்பங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை மட்டுமல்ல, தோட்டாவையும் வைத்திருக்கக்கூடாது என்கிறது. தோட்டா என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் அதன் பாகங்களும் அடங்கும். 2019இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, இந்தப் பிரிவை மீறி வைத்திருந்தால் 25ஆம் பிரிவின்படி குறைந்தது 2 ஆண்டு, கூடினால் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. ஒன்றா நூறா என்று பாதுகாப்புப் படைக்காரர் கணக்குப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியது அவர் வேலையும் அல்ல. அவர் போலீசாரிடம் ஒப்படைப்பார். அவர்கள் வழக்கு எழுதுவார்கள்.

'அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது சார்' என்று சொல்லும் அன்பர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. வைத்திருப்பவருக்கு அது தம்மிடம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும் என்று 1972இலேயே குன்வந்த்லால் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பையின் மடிப்பில் தெரியாமல் கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காகப் போட்ட வழக்குகள் பலவற்றைத் தில்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால் மறு பாதியையும் பார்க்க வேண்டும். ரத்து செய்யப்படுவதற்கு முன்னால் வழக்கு என்று ஒன்று இருந்தாக வேண்டுமே! விமானம் போய்விடும். தங்கை கல்யாணமோ தாத்தாவின் காரியமோ, போக வேண்டிய நாளில் போக முடியாது. வக்கீல் வேண்டும், ஜாமீன் வேண்டும், மாதக்கணக்கில் அலைய வேண்டும். அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்கும் வயதில் இருக்கும் பிள்ளை, 'உங்கள்மீது வழக்கு ஏதும் உண்டா' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தவிக்கும். பையை எடுத்துச் சென்றவர் சுடவே தெரியாத அம்மாவாகவும் இருக்கலாம். நீதி கடைசியில் கிடைக்கும் என்பது ஆறுதல்தான். முந்நூறு ரூபாய்ப் பை ஒன்றைத் தனியாக வாங்கியிருந்தால் அந்த ஆறுதல் தேவைப்பட்டிருக்காது.

ரிவால்வர் சுடுபவர்கள் இதில் இன்னும் ஒரு படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதற்குக் காரணம் அந்தக் கருவியின் அமைப்பு. தானாக இயங்கும் பிஸ்டலில் ஒவ்வொரு முறை சுட்டதும் வெற்றுக் கூடு வெளியே தெறித்துத் தரையில் விழுந்துவிடும். பிறகு கூட்டி அள்ளிவிடுவார்கள். ரிவால்வரில் அப்படி இல்லை. சுட்ட கூடுகள் எல்லாம் உருளையிலேயே இருக்கும். உருளையைப் பக்கவாட்டில் திறந்து, கம்பியைத் தள்ளினால் அத்தனையும் உள்ளங்கையில் வந்து விழும். கையில் விழுந்ததை மனிதன் எங்கே போடுவான்? பக்கத்தில் திறந்து கிடக்கும் பையில் போடுவான், அல்லது சட்டைப் பையில். பிஸ்டல்காரரின் குப்பை தரையில் கிடக்கிறது. ரிவால்வர்காரரின் குப்பை வீட்டுக்கு வருகிறது.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் 7.62 மில்லிமீட்டர் முதல் 9.65 மில்லிமீட்டர் வரை குழல் விட்டமுள்ள துப்பாக்கிகள் அனுமதிக்கப்படுகின்றன; .32, .38 இரண்டும் இதற்குள் வரும். ஜஸ்பால் ராணா 1994இல் ஹிரோஷிமாவிலும் 2006இல் தோஹாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற போட்டி இது. காகித இலக்கில் வட்டமாகத் துளை விழுவதற்காக இதில் பலரும் 'வாட்கட்டர்' என்னும் தட்டை முனைத் தோட்டாவைப் பயன்படுத்துகிறார்கள். அதன் ஈயம் கூட்டின் வாயோடு சமமாக அமிழ்ந்திருக்கும், வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. ஆகவே பைக்குள் கையை விட்டுத் துழாவும்போது, சுட்ட கூடும் சுடாத தோட்டாவும் ஒரே நீளமாகத்தான் விரலில் படும். வெற்றுக் கூடுகளோடு ஓர் உயிர்த் தோட்டா கலந்துவிட்டால், எடுத்துக் கண்ணால் பார்த்தாலொழியத் தெரியாது. கூடுகளை ஞாபகார்த்தமாகச் சேர்த்துவைக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, பையை எப்படித் தேர்ந்தெடுப்பது? கடையில் காட்டும் பைகளில் பதினான்கு அறை, இருபது அறை என்று பெருமை பேசுவார்கள். என் எண்ணத்தில் அறை கூடக்கூடப் பை மோசம். ஒவ்வோர் அறையும் ஒரு தோட்டா ஒளிந்துகொள்ளும் இடம். பெரிய அறை ஒன்று, சிறிய அறை இரண்டு இருந்தால் போதும். ஜிப் மூன்று பக்கமும் திறந்து, பை வாய் முழுவதுமாக விரிய வேண்டும். உட்துணி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கட்டும். கறுப்பு உட்துணியில் பித்தளையும் ஈயமும் கண்ணில் படாது. அடிப்பகுதிக்கு அட்டை போட்டிருந்தால் அது கழற்றி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தையல் ஓரங்களில் நாடா வைத்து மூடித் தைத்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். தடித்த கான்வாஸ் துணியில் நம் பேட்டைத் தையல்காரரிடம் சொல்லித் தைத்துக்கொண்டாலும் மிக நன்றாக இருக்கும்.

வெளித்தோற்றம் சாதாரணமாக இருக்கட்டும். ராணுவப் பச்சை, புள்ளி போட்ட துணி, துப்பாக்கிக் கம்பெனி முத்திரை எதுவும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பஸ் ஸ்டாண்டில் ஊருக்குச் சொல்வானேன்? திருடனுக்கும் அது அழைப்பு.

எடையையும் பாருங்கள். துப்பாக்கி ஒன்றேகால் கிலோ, இரண்டு பெட்டித் தோட்டா, காது மூடி, கண்ணாடி, துடைக்கும் துணி, கம்பி, எண்ணெய், நோட்டுப் புத்தகம், தண்ணீர் என்று நாலைந்து கிலோ சேர்ந்துவிடும். சுடும் கையின் தோளில் அதை மாட்டிக்கொண்டு போனால், இலக்கின்முன் நிற்கும்போது கை நடுங்கும். வலக்கைக்காரர் இடத்தோளில் மாட்டட்டும். முதுகில் போடும் இரட்டைப் பட்டை இன்னும் நல்லது.

பைக்குள் பை என்பது அடுத்த விதி. துப்பாக்கி தனியாகப் பூட்டுப் போட்ட கெட்டிப் பெட்டியில், உருளை காலியாக இருக்க வேண்டும். தோட்டா இன்னொரு பெட்டியில். கம்பெனியிலிருந்து வரும் 50 தோட்டா அட்டைப் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி என்று அமைந்திருந்தால் அதைவிட நல்ல பெட்டி இல்லை. அது நைந்து போனால், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி வாங்கலாம். மூடியைத் திறந்ததும் எத்தனை குழி காலி என்று தெரிய வேண்டும். உதிரியாகத் தோட்டாவைப் போடுவது என்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. வெற்றுக் கூடுகளுக்கென்று வாய் இறுக்கும் சிறு துணிப்பை ஒன்று. நிறம் வேறாக இருக்கட்டும். அது சுடுதளத்திலேயே காலியாக வேண்டும்.

பிறகு கணக்கு. மளிகைக் கடை நோட்டுப் போல ஒரு நோட்டுப் போதும். சென்டர் ஃபயர் போட்டியில் கணக்கில் சேரும் சூடு 60. இரண்டு கட்டங்களுக்கும் முன்னால் பழகிப் பார்க்க ஐந்து ஐந்தாக 10. ஆக 70. இரண்டு பெட்டி, 100 தோட்டா கொண்டுபோனால் திரும்பும்போது 30 தோட்டாவும் 70 கூடும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் வீட்டுக்குக் கிளம்பக்கூடாது. பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேட வேண்டும். ஒரு முறைக்கு ஐந்து தோட்டாதான் போட வேண்டும் என்பதால், ஆறு குழி ரிவால்வரிலும் ஐந்து ஐந்தாகத்தான் கணக்கு நகரும். ஆகவே எண்ணுவது குழந்தைக்கும் எளிது. இந்த ஐந்து நிமிட வேலையைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். எண்ணாமல் பை மூடுபவன் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் அரைகுறையாகக் கற்றவன்தான்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டாவிலும் புகையிலும் ஈயம் இருக்கிறது. அந்தத் தூள் பையில் படியும், கையில் ஒட்டும். வளரும் குழந்தைகளின் மூளைக்கு ஈயம் கேடு என்பது மருத்துவம் ஐயமறச் சொல்லும் உண்மை. எலுமிச்சை சாதத்தையும் முறுக்குப் பொட்டலத்தையும் அந்தப் பைக்குள் வைத்து அனுப்பாதீர்கள். டிபன் தனிப் பையில் போகட்டும். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைச் சமையலறை மேடையிலோ சின்னக் குழந்தை தவழும் தரையிலோ வைக்க விடாதீர்கள். பையைத் தனியாக வைப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். கூடவே இன்னொன்று: எண்ணெய் பாட்டில் தோட்டாவோடு ஒரே அறையில் இருக்கக்கூடாது. கசிந்தால் தோட்டாவின் அடியில் உள்ள மருந்து கெட்டு, சுடாமல் நின்றுவிடும்.

எடுத்துச் செல்லும் முறையிலும் சில விஷயங்கள் உண்டு. லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கூட இருக்க வேண்டும், அல்லது அவர் எழுத்து மூலம் அனுமதி தந்திருக்க வேண்டும். 'மச்சான் அந்தப் பக்கம்தான் போகிறார், பையைக் கொடுத்தனுப்பலாம்' என்பது நம் ஊர் உதவி மனப்பான்மைக்குச் சரி. ஆயுதச் சட்டத்துக்குச் சரியல்ல. தில்லி மெட்ரோவில் துப்பாக்கியும் தோட்டாவும் தடை செய்யப்பட்ட பொருள்கள். வாசலிலேயே எக்ஸ்ரே உண்டு. சொந்த வண்டியில் வீட்டிலிருந்து நேராகச் சுடுதளம், சுடுதளத்திலிருந்து நேராக வீடு. வழியில் மார்க்கெட்டில் இறங்கி, பையை வண்டியில் விட்டுவிட்டுக் காய் வாங்கப் போவது கூடாது. சங்கத்தின் காப்பறையில் தோட்டாவை வைத்துவிட்டு வர அனுமதி உண்டென்றால் அதுவே எல்லாவற்றிலும் மேல், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளியூர்ப் போட்டிக்கு விமானத்தில் போவதென்றால் அது வேறு விஷயம்; அதற்கு முறை இருக்கிறது. கைப்பையில் ஒரு தோட்டாகூடக் கூடாது. லைசென்ஸைக் காட்டி, முன்கூட்டியே சொல்லி, பெட்டியில் பூட்டிச் சரக்கறைக்கு அனுப்ப வேண்டும். சர்வதேச விதிப்படி ஒருவருக்குத் தோட்டாவின் மொத்த எடை 5 கிலோ வரை. இரண்டு பேர் பங்கையும் ஒரே பெட்டியில் சேர்க்கக்கூடாது. .22 தோட்டா 500 என்றால் ஒன்றேமுக்கால் கிலோதான் வரும். ஆனால் விமானக் கம்பெனி இன்னும் குறைத்து வைக்கலாம். டிக்கெட் எடுக்கும்போதே எழுதிக் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

'என் பையன் காற்றுத் துப்பாக்கிதானே சுடுகிறான், அதற்கு லைசென்ஸே வேண்டாமே' என்று சிலர் கேட்கலாம். சட்டம் வகுத்த வரம்புக்குள் உள்ள .177 காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது சரி. ஆனால் இன்று காற்றுத் துப்பாக்கி, நாளை .22, அதற்கடுத்து .32 என்றுதான் பிள்ளை வளர்வான். பழக்கம் முதல் நாளில் வர வேண்டும். அதோடு, சுடுதளத்தில் பக்கத்து மேடையில் நிற்பவரின் கூடோ தோட்டாவோ உருண்டு திறந்த பைக்குள் விழாது என்று யார் உறுதி சொல்ல முடியும்?

'தனிப் பை என்பது வீண் செலவு' என்பார் இன்னொருவர். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் நாம், பைக்கு மட்டும் சிக்கனம் பார்ப்பது கடலில் கரைத்த பெருங்காயத்துக்குக் கணக்குப் பார்ப்பது போலத்தான்.

நாம் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள். இங்கே நமக்கு மாமன், சித்தப்பன், தெரிந்த இன்ஸ்பெக்டர் என்று ஓடி வர ஆள் குறைவு. மொழி தெரிந்தாலும் காவல் நிலையத்தில் பேசும் மொழி வேறு. ஆகவே தொல்லை வந்தபின் சமாளிப்பதைவிட, வராமல் பார்த்துக்கொள்வதே நமக்குப் பொருத்தம். பையின்மேல் சிவப்பு நூலால் 'ரேஞ்ச்' என்று தமிழிலேயே தைத்துவையுங்கள். பரணில் அல்ல, பூட்டிய அலமாரியில் வையுங்கள். ஊருக்குப் போகப் பெட்டி போதவில்லை என்றால் பக்கத்து வீட்டு மாமியிடம் ஒரு பை கடன் கேளுங்கள். மாமி மகிழ்ச்சியோடு கொடுப்பார். அதற்குப் பதிலாக ஊரிலிருந்து ஒரு பொட்டலம் வடகம் கொண்டுவந்து கொடுத்தால் போதும்.